டப்பாவின் மூக்கடைப்பும் என் மகளின் கடையும்

அன்பும் பாசமும் கொஞ்சம் கோபமும் கலந்து மச்சானுக்கு அத்தான் எழுதுவது.

இங்கு நானும் உன் அக்காவும் என் மகளும் நலம். அங்கு நீயும் உன் வீட்டுக்காரியும் பிள்ளைகளும் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். மூவரும் நலம் என்று எழுதியது மரியாதைக்காக. உள்ளபடி சொன்னால் உன் அக்காவும் என் மகளும்தான் நலம். நான் வீட்டில் உட்கார வைக்கப்பட்டிருக்கிறேன். அதற்குக் காரணம் நீ.

பதறாதே, விவரமாகச் சொல்கிறேன். போன தடவை நீ வந்தபோது, என் மகள் திறக்கவிருந்த அழகு நிலையத்தின் நாற்காலிகளுக்கு நீல பெயின்ட் அடித்துக் கொடுத்தாய் அல்லவா? கார்களுக்கே பெயின்ட் அடிக்கிற கை, நாற்காலி எம்மாத்திரம். பாதியில் ஸ்ப்ரே டப்பா இருமிவிட்டு நின்றுபோனது. நான் அதைக் குப்பையில் போடப் போனேன், நீ பிடுங்கிக்கொண்டாய். "அத்தான், டப்பா லேசுல கெடாது, மூக்குதான் அடைச்சுக்கும்" என்றாய். உச்சியில் இருந்த அந்த வெள்ளை நாசிலைக் கழற்றி, பெயின்ட்டைக் கரைக்கிற தின்னரில் ஊறப்போட்டு, துடைத்து மாட்டினாய், டப்பா மறுபடி சீறியது. "வேலை முடிஞ்சதும் டப்பாவைத் தலைகீழாப் புடிச்சு, வெறும் காத்து வர்ற வரைக்கும் அழுத்திடணும். அவ்வளவுதான் சூட்சுமம்" என்று சொல்லிவிட்டு நீ பாட்டுக்குப் பஸ் ஏறிவிட்டாய். வேலையிலிருந்து ஓய்வு பெற்று, கையைக் காலை எங்கே வைப்பதென்று தெரியாமல் உட்கார்ந்திருக்கிறவனுக்கு இப்படி ஒரு வித்தையைக் கற்றுக்கொடுக்கலாமா, மச்சான்?

மறுநாள் காலையே ஆரம்பித்துவிட்டேன். வீட்டில் இத்தனை டப்பாக்கள் இருப்பதே அன்றைக்குத்தான் தெரிந்தது. கரப்பான் மருந்து, ஈ மருந்து, என் ஷேவிங் நுரை, குளியலறை வாசனை, கதவுக் கீலுக்கு அடிக்கிற எண்ணெய், எல்லாவற்றுக்கும் ஒரு மூக்கு, எல்லா மூக்கிலும் அழுக்கு. ஒவ்வொன்றாகக் கழற்றி, கழுவி, மாட்டி, ஒழுங்காக வருகிறதா என்று அடித்துப் பார்த்து, தலைகீழாகப் பிடித்துக் காற்றை விட்டு, சந்தேகத்துக்கு இன்னொரு தரம் அடித்துப் பார்த்து, மத்தியானம் ஆவதற்குள் மல்லிகையும் கரப்பான் மருந்தும் கலந்த ஒரு மணம் வீட்டைச் சூழ்ந்துகொண்டது. பக்கத்து வீட்டுக்காரர் கதவைத் தட்டி, "சார், உள்ள எல்லாரும் நல்லா இருக்கீங்களா?" என்று கேட்டார். உன் அக்கா ஜன்னல்களைத் திறந்துகொண்டே, "சும்மா கெடந்த டப்பாவுக்கெல்லாம் வைத்தியம் பாக்குறீங்களே, சமையல்கட்டுல குழாய் ஒழுகுதே, அது கண்ணுல படலையா?" என்றாள். குழாய் ஒழுகுகிறது, அடைத்துக்கொள்ளவில்லை. என் துறை அடைப்பு. சொன்னால் புரிகிறதா அவளுக்கு?

இதோடு நின்றிருந்தால் நான் மனிதன். கடை திறக்கிற அன்று காலை, மகள் முன்னறையில் துண்டுகளை அடுக்கிக்கொண்டிருந்தாள். நான் பின்னறைக்குப் போனேன். அங்கே தலைமுடிக்கு அடிக்கிற ஸ்ப்ரேக்கள், முடிக்குப் பளபளப்பு தருகிற ஸ்ப்ரேக்கள், நீ விட்டுப்போன நீல பெயின்ட் டப்பா, எல்லாம் வரிசையாக நின்றன. ஹேர் ஸ்ப்ரேயின் மூக்கைத் தொட்டுப் பார்த்தேன், பிசுபிசு என்று விரலோடு ஒட்டிக்கொண்டு வந்தது. முதல் வாடிக்கையாளர் வந்து உட்கார்ந்த நேரத்தில் இது அடைத்துக்கொண்டால் என் பெண்ணின் பெயர் என்ன ஆகும்? அத்தனை நாசிலையும் கழற்றினேன். நான் ஆயுள் முழுக்கப் பைப் கம்பெனியின் ஸ்டோர் ரூமைக் கட்டி ஆண்டவன் என்பது உனக்குத் தெரியும். ஒரே மாதிரிச் சாமான் ஒரே பெட்டியில் என்பது அங்கே சட்டம். ஆகவே எல்லா நாசில்களையும் ஒரே கிண்ணத்துத் தின்னரில் போட்டேன். பிறகு வெந்நீரில் அலசித் துடைத்து, வரிசையாக மாட்டினேன். எல்லாம் வெள்ளை, எல்லாம் ஒரே அளவு, எல்லாம் கச்சிதமாகப் பொருந்தின. அதுதான் வினை.

முதல் வாடிக்கையாளராக வந்தவர் எதிர்ப் பள்ளிக்கூடத்துத் தலைமை ஆசிரியை. வெள்ளி மாதிரி நரைத்த முடி, நிமிர்ந்த முதுகு. பள்ளியில் போட்டோ எடுக்கிறார்களாம். என் மகள் சீவி, சுருட்டி, தூக்கிக் கட்டி, பார்த்தவர் கண் படுகிற மாதிரி முடித்தாள். நான் துண்டும் கையுமாகப் பக்கத்தில் நின்று பூரித்துக்கொண்டிருந்தேன். கடைசியாக ஹேர் ஸ்ப்ரேயை எடுத்து அழுத்தினாள். புஸ்ஸென்று வந்தது, மச்சான். அடைப்பு என்ற பேச்சுக்கே இடமில்லை. ஆனால் நீலமாக வந்தது. பெயின்ட் டப்பாவின் மூக்கு அதன் தலையில் உட்கார்ந்திருந்தது, உள்ளே மிச்சமிருந்த பெயின்ட் தின்னரில் நன்றாக இளகிப்போயிருந்தது. அம்மையார் கண்ணை மூடிக்கொண்டு, "ஜில்லுன்னு நல்லா இருக்கும்மா" என்றார். என் மகளின் முகத்தில் ஈயாடவில்லை. நான் மெதுவாகத் துண்டை எடுத்து அவர் தலையில் போர்த்தப் போனேன். அதற்குள் அவர் கண்ணைத் திறந்து கண்ணாடியைப் பார்த்துவிட்டார்.

"யார் செஞ்சது இது?" என்றார். சத்தம் போடவில்லை. சத்தம் போட்டிருந்தால் தேவலை. "செஞ்சவங்க எழுந்து நில்லுங்க." நான் ஏற்கெனவே நின்றுகொண்டிருந்தேன். வேறு என்ன செய்வதென்று தெரியாமல் கையைத் தூக்கினேன்.

மகள் பாவம், எண்ணெய் தடவி, கழுவி, மறுபடி தடவி, மறுபடி கழுவி நீலத்தை எடுத்தாள். அம்மையார் போகும்போது, "பொண்ணு கெட்டிக்காரி" என்றார். என்னைத் தாண்டும்போது மட்டும் தலையை ஒரு கையால் மூடிக்கொண்டார். அவர் தெருவைத் தாண்டிய பிறகு என் மகள் துண்டைக் கீழே வைத்தாள். "அப்பா, நீங்க இனிமே கடைக்கு வர வேணாம்பா" என்றாள். கோபமாகச் சொல்லியிருந்தால் பதிலுக்கு நானும் கோபப்பட்டிருப்பேன். அவள் கண் கலங்கிச் சொன்னாள். நான் துண்டை மடித்து வைத்துவிட்டு வீட்டுக்கு வந்துவிட்டேன்.

அன்று முதல் உன் அக்கா துண்டு மடிக்கக் கடைக்குப் போகிறாள், நான் வீட்டுக்குக் காவல். சும்மா உட்கார்ந்து ஈ ஓட்டிக்கொண்டிருக்கிறேன் என்று எழுத ஆசைதான். ஆனால் ஈ மருந்து டப்பாவின் மூக்கு அவ்வளவு சுத்தமாக இருப்பதால் இந்த வீட்டில் ஓட்ட ஒரு ஈ கூட இல்லை. கடை திறக்கும் முன்பே அந்தப் பின்னறையில் எனக்கு ஓர் இடம் பார்த்து வைத்திருந்தேன், மச்சான். ஜன்னலோரம், வெளிச்சம் நன்றாக வரும். அது போனதுதான் எனக்கு வருத்தம். இருக்கட்டும். எனக்கும் மானம் மரியாதை இருக்கிறது. இனி ஊரே திரண்டு வந்து கூப்பிட்டாலும் அந்தக் கடை வாசலை மிதிக்க மாட்டேன். டப்பா அடைத்தால் அடைக்கட்டும். நாசில் என்ற சொல்லையே நான் மறந்தாயிற்று.

ஆகவே இந்தக் கடிதம் கண்டதும் புறப்பட்டு வா. ஒரு வாரமாவது இரு. மாமா நீ சொன்னால் என் மகள் கேட்பாள். பழியைப் பாதி நீ ஏற்றுக்கொள், முழுவதையும் ஏற்றாலும் எனக்கு ஆட்சேபம் இல்லை. எனக்கும் பேச்சுத் துணை ஆயிற்று. நாள் முழுக்க எனக்கு ஓய்வுதான்.

உன் வீட்டுக்காரிக்கு என் அன்பைச் சொல். பிள்ளைகள் நன்றாகப் படித்து, நன்றாகச் சாப்பிட்டு, உன்னைப் போல் யோசனை சொல்லாமல் வளர என் ஆசிகள்.

இப்படிக்கு,
வீட்டோடு இருக்கும் உன் அத்தான்

பி.கு.: மேலே உள்ளதை உறையில் போட்டுக்கொண்டிருக்கும்போது வாசலில் செருப்புச் சத்தம். என் மகள், மூச்சிரைக்க, கையில் ஹேர் ஸ்ப்ரே. "அப்பா, அடைச்சுக்கிச்சுப்பா. நாற்காலியில ஆள் உக்காந்திருக்காங்க, தலை பாதியில நிக்குது. கொண்டை ஊசியை விட்டுக் குத்தட்டுமான்னு அம்மா கேக்குறாங்க." "அய்யய்யோ, டப்பா வாய்க்குள்ள ஊசி போகவே கூடாது, அம்மாகிட்ட இருந்து ஊசியைப் புடுங்கு" என்று கத்திக்கொண்டே ஓடினேன். சட்டைப் பொத்தானைத் தெருவில்தான் போட்டேன். வெந்நீரில் காட்டி, துணியால் துடைத்து, மாட்டி அழுத்தினேன், பனி போல வந்தது. கடையே கை தட்டியது. மகள் என் காதருகில், "தினம் சாயங்காலம் எல்லா டப்பாவையும் நீங்களே பாத்துக்குங்கப்பா. ஆனா ஒண்ணைக் கழுவி மாட்டிட்டுத்தான் அடுத்ததைக் கழட்டணும்" என்றாள். சரி சரி என்று தலையை ஆட்டினேன்.

இதைக் கடைப் பின்னறையில், ஜன்னலோரம் உட்கார்ந்து எழுதுகிறேன். நீ இப்போது வர வேண்டாம். வந்தே தீருவேன் என்றால் முன்கூட்டியே தகவல் சொல், நான் லீவு கேட்க வேண்டும். முதலாளி கொஞ்சம் கண்டிப்பான பெண்.