குனியாத தலைக்கு ஒரு கார்

"கொஞ்சம் தலையைக் குனிஞ்சா போதும் ஐயா, சுகமா உள்ள உக்காந்துடலாம்," என்றான் உசோமா.

அகுன்னே கார்க் கதவைப் பிடித்தபடி அசையாமல் நின்றார். எனுகு நகரத்துப் பழைய கார் வியாபாரியான உசோமா அன்று காலையிலிருந்து அவருக்குக் காட்டிய ஏழாவது கார் அது.

"குனியறதா இருந்தா நான் மினிபஸ்லயே போயிருப்பேனே. உன்கிட்ட எதுக்கு வர்றேன்?"

"யாரா இருந்தாலும் காருக்குள்ள குனிஞ்சுதான் ஏறணும். பிஷப்பே அப்படித்தான் ஏறினார்."

"பிஷப் தொப்பியில கழுகு இறகு கிடையாது."

அகுன்னேயின் சிவப்புத் தொப்பியில் அது இருந்தது. ஊர்ப் பெரிய மனிதர்களுக்கான ஓசோ பட்டம் வாங்கியபோது ஊர் கூடிச் செருகிய இறகு. அதைச் சூடிய தலை எவன் முன்னாலும் தாழாது என்பது அவர் கொள்கை.

"ஒபியோரா அப்பா," என்று பக்கத்தில் நின்ற மனைவி எசின்னே பொறுமையாகச் சொன்னாள். "எல்லாரும் கார்ல ஏறும்போது தொப்பியைக் கழட்டி மடியில வச்சுக்கறாங்க. எங்க அண்ணனும் பட்டம் வாங்கினவர்தான்."

"உங்க அண்ணன் தொப்பியில தக்காளி வாங்கிட்டு வருவார். அவர் பேச்சை எடுக்காதே."

இந்தப் பிடிவாதத்தின் காரணம் எசின்னேக்குத் தெரியும்.

மூன்று மாதம் முன்பு, ஒரே மகன் ஒபியோராவுக்குப் பெண் கேட்கப் போனார்கள். பதினான்கு பங்காளிகளோடு வாடகை மினிபஸ். அகுன்னே தொப்பியைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு, இடுப்பு வலியோடு, வாசலுக்கு முதுகைக் காட்டியபடி பின்பக்கமாக இறங்கினார். வாசலில், தன்னுடைய நீளமான கறுப்புக் காரில் சாய்ந்தபடி பெண்ணின் அப்பா ஒச்செண்டோ நின்றிருந்தார். அவரும் ஓசோ பட்டக்காரர். அவர் தொப்பியிலும் இறகு.

"சம்பந்தியோட முகத்தைப் பார்க்கலாம்னு ஆசையா வந்தேன்," என்றார் ஒச்செண்டோ. "அவர் முதல்ல வேற எதையோ காட்டுறாரே!"

முற்றமே சிரித்தது. சிரித்தவர்களில் அகுன்னேயின் பங்காளிகளும் இருந்தார்கள்.

அன்று இரவே அவர் முடிவு செய்துவிட்டார். மணப்பெண் கையால் மாப்பிள்ளை கள் வாங்கிக் குடிக்கும் கல்யாண நாளில், அந்த வாசலில் அவர் ஒச்செண்டோவின் காரைவிடப் பெரிய காரிலிருந்து, நிமிர்ந்த தலையோடு இறங்க வேண்டும். இல்லாவிட்டால் அந்த வாசலை மிதிப்பதே இல்லை. இப்போது கல்யாணத்துக்கு இன்னும் எட்டு நாள்தான் இருந்தது.

உசோமா நெற்றியைத் துடைத்துக்கொண்டு அவரைக் கடைசி வரிசைக்கு அழைத்துப் போனான். அங்கே மாமர நிழலில் ஒரு கறுப்பு வண்டி, வீடு மாதிரி உயரமாக நின்றது.

"ஜெர்மன்காரன் செஞ்சது. பெல்ஜியத்துல ஒரு பல் டாக்டர் ஓட்டினது. இதுக்கு இரும்பு ஸ்பிரிங் கிடையாது ஐயா. நாலு சக்கரத்துக்கும் காத்துப் பை. காத்து மேல நிக்குது."

"காத்தை நம்பியா என்னை உக்காரச் சொல்ற?"

உசோமா ஒரு பொத்தானை அழுத்தினான். வண்டி ஒரு பெருமூச்சு விட்டு இன்னும் ஒரு சாண் உயர்ந்தது. இருக்கை அகுன்னேயின் இடுப்பு உயரத்துக்கு வந்தது. அவர் முதுகைக் காட்டித் திரும்பி, சாய்ந்து உட்கார்ந்து, கால்களை உள்ளே இழுத்துக்கொண்டார். கழுத்து வளையவில்லை. இறகு கூரையில் உரசவில்லை. இருக்கை மெல்லச் சூடாகி அவர் இடுப்பைப் பிடித்துவிடத் தொடங்கியது.

அகுன்னே கண்களை மூடிக்கொண்டார்.

"அப்பா," என்றான் கூட வந்திருந்த ஒபியோரா. "ஒரு மெக்கானிக்கைக் கூட்டிட்டு வந்து பார்த்துட்டு வாங்கலாமே."

"நான் பார்த்துட்டேன்."

"என்னத்தைப் பார்த்தீங்க?"

"தலை இடிக்கல."

உசோமா விலையைச் சொன்னான். எசின்னே பக்கத்தில் கிடந்த டயரின் மேல் உட்கார்ந்துவிட்டாள்.

வண்டி வீடு வந்த மறுநாள், பங்காளிகள் அதைக் 'கழுவ' வந்தார்கள். புதுக் கார் வாங்கினால் பீரும் கள்ளும் ஊற்றிக் கழுவாமல் விடுவது அந்தப் பக்கத்தில் பெரும் குற்றம். முன்மூடியில் ஊற்றியது அரைக் குவளை. மீதியெல்லாம் பங்காளிகளின் வயிற்றுக்குள் போனது. பிறகு ஒன்பது பேர் ஒன்றாக உள்ளே ஏறிக்கொண்டு, பொத்தானை அழுத்தி அழுத்தி ஏற்றியும் இறக்கியும் விளையாடினார்கள்.

"இறங்குங்கடா! அது என்ன ஊஞ்சலா?" என்று அகுன்னே கத்தினார்.

"கோவப்படாதீங்க அண்ணே. ஒச்செண்டோ வண்டி இப்படியெல்லாம் ஆடுமா?"

அந்தக் கேள்வியில் அவர் கோபம் பாதி இறங்கிவிட்டது. விடிந்து பார்த்தபோது வண்டியின் முன்பக்கமும் இறங்கியிருந்தது. இரண்டு முன் சக்கரங்களும் உள்ளே புதைய, மூக்கு மண்ணைத் தொட்டுக்கொண்டிருந்தது.

மெக்கானிக் கிளெட்டஸ் வந்தார். படுத்தார், பார்த்தார், எழுந்தார்.

"காத்துப் பை ஓட்டை. புதுசு துபாய்லேர்ந்து வரணும். மூணு வாரம் ஆகும்."

"அஞ்சு நாள்ல கல்யாணம்."

"சைக்கிள் ட்யூப் பஞ்சர் பசை போட்டு ஒட்டறேன்."

ஒட்டினார். மறுநாள் முன்பக்கம் நின்றது, பின்பக்கம் உட்கார்ந்துவிட்டது. பின்பக்கத்தை ஒட்டினார். இடப்பக்கம் சாய்ந்தது.

அகுன்னேயின் பொறுமை போனது. "இது காரா, குடிகாரனா?"

கிளெட்டஸ் நான்கு சக்கரத்துக்கும் மேலே மரக்கட்டை செருகினார். வண்டி இப்போது அசையாமல் நின்றது. ஓட்டிப் பார்த்தபோதும் அசைந்து கொடுக்கவில்லை. ஒவ்வொரு குழியும் நேராக அகுன்னேயின் இடுப்பு எலும்புக்கு வந்தது. சந்தை வரைக்கும் போய்த் திரும்பியதற்கே எசின்னே அவருக்கு எண்ணெய் தேய்க்க வேண்டியிருந்தது.

"மினிபஸ்ல கூட இப்படி வலிக்கலையே," என்றாள் அவள்.

"அந்த வார்த்தையை இந்த வீட்டுல சொல்லாதே!"

கட்டைகள் கழற்றப்பட்டன. கடைசியில் கிளெட்டஸ் ஒரு விஷயத்தைக் கண்டுபிடித்தார். இன்ஜின் ஓடுகிற வரை பம்பு காற்றை அடித்துக்கொண்டே இருக்கும்; வண்டி நிற்கும். இன்ஜினை நிறுத்தினால் நூறு எண்ணுவதற்குள் படுத்துவிடும்.

"அப்போ நிறுத்த வேண்டாம்," என்றார் அகுன்னே. "ஒபியோரா, காதுல விழுந்துதா? அவங்க வாசல்ல நான் இறங்கற வரைக்கும் சாவி மேல கை வைக்கக் கூடாது."

"விழுந்துது அப்பா."

சனிக்கிழமை. ஒச்செண்டோவின் முற்றத்தில் பந்தல், நாற்காலிகள், முந்நூறு பேர். ஒபியோரா ஓட்டிய கறுப்பு வண்டி வாசலுக்குள் நுழைந்ததும் எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். பின்னிருக்கையில் அகுன்னே, சிலை மாதிரி. பக்கத்தில் எசின்னே. கூட்டம் விலகி வழிவிட்டது. ஒபியோரா வண்டியைப் பந்தலுக்கு நேரே கொண்டுபோய் நிறுத்தினான்.

பெண்ணின் அத்தை ஒருத்தி கரண்டியோடு ஓடி வந்தாள். "மாப்பிள்ளை! உங்க வண்டிப் புகை பூரா ஜோலாஃப் சோத்துக்குள்ள போகுது. அதை நிறுத்துங்க!"

"இல்ல அத்தை, அது வந்து..."

அதற்குள் ஒச்செண்டோவே இறகு நிமிர வந்துகொண்டிருந்தார். வருங்கால மாமனார் எதிரே வரும்போது இன்ஜினை உறும விட்டபடி உட்கார்ந்திருக்க நன்றாக வளர்க்கப்பட்ட எந்தப் பையனுக்கும் மனம் வராது. ஒபியோராவின் கை தானாகச் சாவியைத் திருப்பியது. வணக்கம் சொல்ல இறங்கி ஓடினான்.

"டேய்!" என்றார் அகுன்னே.

கதவைத் திறக்கப் போனார். கழுகு இறகு சற்றுச் சாய்ந்திருப்பதாக எசின்னே சொன்னாள். அதைச் சரிசெய்து நிமிர்வதற்குள் வண்டி 'உஸ்ஸ்' என்றது.

முன்பக்கம் முதலில் தாழ்ந்தது. பிறகு பின்பக்கம். முந்நூறு பேர் முன்னிலையில் அந்தப் பெரிய வண்டி ஒச்செண்டோவின் காலடியில் மெல்ல மண்டியிட்டது.

பிறகு பெண் வீட்டுக் கிழவர் ஒருவர் கண் கலங்க எழுந்தார். "என் ஆயுசுல இப்படி ஒரு மரியாதையைப் பார்த்ததில்ல. வண்டியைக் கூடப் பணிய வச்சுட்டாரே!"

பெண்கள் குலவையிட்டார்கள். ஒச்செண்டோவின் முகம் மலர்ந்துவிட்டது.

உள்ளே அகுன்னேக்கு ரத்தம் கொதித்தது. பழுது என்று சொன்னால் மானம் போகும். சொல்லாவிட்டால் அவர் பணிந்ததாக ஆகும். அதைவிடப் பெரிய சங்கடம் இன்னொன்று. இருக்கை இப்போது தரையோடு தரையாக இருந்தது. முன்னால் வளைந்து, தலையைக் குனிந்து, கையை ஊன்றினால் ஒழிய அவரால் எழ முடியாது.

"குனிஞ்சு இறங்குங்க, ஒபியோரா அப்பா," என்று மறுபக்கம் இறங்கி வந்த எசின்னே கெஞ்சினாள். "ஒரே ஒரு நிமிஷம்."

"வண்டி பணிஞ்சுது. நான் பணியல. இங்கேயே இருக்கேன்."

"கல்யாணத்துக்கு வந்துட்டு வண்டியிலயே இருப்பீங்களா?"

"கோலா கொட்டையை இங்க கொண்டு வரச் சொல்லு."

செய்தி போனது. ஒச்செண்டோ, விருந்தாளிகளை வரவேற்க உடைத்துத் தரும் கோலா கொட்டைத் தட்டோடு வந்தார். ஜன்னல் இப்போது அவர் தொடை உயரத்தில் இருந்தது. அவருக்கு வண்டியின் கூரை மட்டும் தெரிந்தது. அகுன்னேக்கு அவருடைய வேட்டி மட்டும் தெரிந்தது.

"சம்பந்தி, முகத்தைக் காட்டுங்க," என்றார் ஒச்செண்டோ மேலேயிருந்து.

"நீங்க குனிஞ்சு பாருங்க, தெரியும்," என்றார் அகுன்னே கீழேயிருந்து.

"நான் குனியறதா? இறகு வச்சுக்கிட்டு?"

"என் தலையில மட்டும் என்ன கோழி இறகா?"

"முகம் பார்க்காம கோலா கொட்டை கொடுக்கற வழக்கம் எங்க வீட்டுல இல்ல!"

"முகம் தெரியாதவன்கிட்ட வாங்கற வழக்கம் எங்க வீட்டுல இல்ல!"

கோலா கொட்டை உடையாமல் எந்தச் சடங்கும் தொடங்காது. பந்தலில் மணப்பெண் அடாகு, கள் குவளையோடு நின்றபடி அழத் தொடங்கினாள். ஒபியோரா தன் அப்பாவின் காதில் ஏதோ சொல்லிப் பார்த்தான், மாமனாரிடம் ஓடினான், திரும்பி வந்தான். ஒரு மணி நேரம் போனது. சோறு ஆறியது. சில பங்காளிகள் தாங்கள் கொண்டுவந்த கள்ளைத் தாங்களே குடிக்க ஆரம்பித்தார்கள். இந்தக் கல்யாணம் இன்று நடக்காது என்று பெண் வீட்டார் வாய்விட்டே பேசிக்கொண்டார்கள்.

கடைசியில் மகளின் அழுகை ஒச்செண்டோவை அசைத்தது. முதுகை மட்டும் அசைக்கவில்லை.

"சரி! ஒரு வழி இருக்கு," என்று அவர் முழங்கினார். "அவர் அவரோட கார்ல இருக்கட்டும். நான் என் கார்ல வர்றேன். பக்கத்துல நிறுத்தி, ஜன்னலோட ஜன்னலா, சரிசமமா முகம் பார்த்துக் கோலா கொட்டை கொடுக்கறேன். யாரும் குனிய வேண்டாம். டேய் சன்டே! நம்ம வண்டியை எடுத்துட்டு வா!"

கூட்டம் கைதட்டியது. உள்ளே அகுன்னேகூட மெல்லத் தலையசைத்தார்.

ஒச்செண்டோவின் டிரைவர் சன்டே மட்டும் நின்ற இடத்தை விட்டு நகரவில்லை. தலையைச் சொறிந்துகொண்டான்.

"எந்த வண்டிங்கய்யா? போன வாரம் இதே மாதிரி படுத்துக்கிச்சே, குனிஞ்சு இறங்க மாட்டேன்னு நீங்க சொன்னதால கூரையை அறுத்து உங்களை வெளிய எடுத்தோமே, அதுவா?"