முட்டையிடச் சொல்லும் சுரப்பியும் முன்கூட்டியே பார்த்தவரும்

நுண்ணோக்கியில் கண்ணை வைப்பதற்கு முன்பே உள்ளே என்ன தெரியும் என்று முடிவு கட்டிவிடுகிற ஒரு மனித ரகம் உண்டு, தெரியுமோ? அதில் முதல் தரமான ஒருவரைக் காட்டுகிறேன், வாருங்கள். பேராசிரியர். ஓடில்லாத கடல் நத்தையின் மூளையை ஒட்டி, கடுகைவிடச் சிறிதாய் ஒரு சுரப்பி இருக்கிறது. அதில் ஹார்மோன் சுரந்தால்தான் நத்தைக்கு முட்டையிடவே தோன்றும். அதை மெழுகில் பதித்து, முடியைவிட மெல்லிசாகச் சீவி, ஊதாச் சாயம் ஏற்றி, இருபது வருடமாகப் பார்த்துப் பார்த்து, மனைவி சிடுசிடுத்தால் "சுரப்பு அதிகம்", மாப்பிள்ளை பேசாவிட்டால் "சுரப்பு போதாது" என்று சொல்லும் நிலைக்கு வந்துவிட்டார். அந்த வீட்டில் அவருக்கு இன்னும் சோறு கிடைப்பதே அதிசயம்.

போன வாரம் அந்தச் சுரப்பியில் ஒரு புது செல்லைக் கண்டுபிடித்தார். கறுப்பு. வால் உண்டு. எந்தச் சீவலை வைத்தாலும் அதே இடத்தில் ஜம்மென்று உட்கார்ந்திருக்கிறது!

"நத்தைக்கு நத்தை மாறவே இல்லம்மா!" என்று குதித்தார்.

மாட்டிக்கொண்டவள் அவரிடம் ஐந்து வருடமாக ஆராய்ச்சி செய்யும் மாணவி. வெள்ளிக்கிழமைக்குள் ஆய்வேட்டைக் கொடுக்காவிட்டால் அவள் பதிவு ரத்து. புது செல்லைச் சேர்க்காவிட்டால் கையெழுத்துப் போட மாட்டேன் என்கிறார் இவர். இல்லாததை எழுதினால்? ஐந்து வருட உழைப்பும் அம்போ.

"சார், கண் வைக்கிற லென்ஸை மட்டும் கொஞ்சம் சுத்திப் பாருங்க."

சுற்றினார். சுரப்பி அசையவில்லை. செல் மட்டும் வாலோடு வட்டமடித்தது.

"ஐயோ, நகருதும்மா! உயிரோட இருக்கு!"

"நத்தை செத்தே மூணு வருஷம் ஆச்சு சார். அது லென்ஸ்ல ஒட்டின தூசி."

சொல்லியேவிட்டாள்! பக்கத்து மேசையிலிருந்த நான் எதையோ எழுதுவதுபோல் குனிந்துகொண்டேன். மெல்லிய தாளால் லென்ஸைத் துடைத்தாள். அவர் வலது கண்ணால் பார்த்தார், இடது கண்ணால் பார்த்தார், கண்ணாடியைக் கழற்றிப் பார்த்தார், மாட்டிப் பார்த்தார்.

"பார்த்தியா? சுரந்து முடிச்சதும் மறைஞ்சுடுது! இது அதைவிடப் பெரிய கண்டுபிடிப்பு!"

"அப்போ துடைச்ச தாளையும் ஆய்வேட்டுல ஒட்டிடவா சார்? தேர்வாளர் கேட்டா, எங்க சார்தான் கண்டுபிடிச்சார்னு உங்களைக் கைகாட்டிடறேன்."

மனிதருக்கு அசடு வழிந்தது. பேனாவைத் தேடி, செல் இல்லாத ஆய்வேட்டில் மளமளவென்று கையெழுத்துப் போட்டார். "எனக்கு முதல்லயே சந்தேகம்தான்" என்று வேறு சொன்னார்! அவள் ஆய்வேட்டை மார்போடு அணைத்துக்கொண்டு, அழுகிறாளா சிரிக்கிறாளா என்று தெரியாதபடி படியிறங்கி ஓடினாள்.

நீங்கள் எதற்குச் சிரிக்கிறீர்கள்? முதல் வரியிலேயே "அட, இது நம்ம ஆபீஸ் ஆசாமிதான்" என்று ஒருவரைப் பிடித்து வைத்துவிட்டீர்களே, மிச்சத்தைப் படித்துவிட்டா? அந்த ஆபீஸ் ஆசாமியும் இப்போது இதைத்தான் படித்துக்கொண்டிருக்கிறார். விழுந்து விழுந்து சிரிக்கிறார். உங்களை நினைத்துத்தான்.