காதுக்குப் பின்னால் ஒரு கல்யாணம்

"கடைவாய்ப் பல் பிடுங்க மூணு வாரம் லீவா?" என்று அசாரி கேட்டபோதுதான், சொன்ன பொய் அளவு பத்தாத பொய் என்பது டொபிட்டாவுக்குப் புரிந்தது.

கோபேயில் உயரக் கட்டடங்களின் வெளிச்சுவர் ஓடுகளைச் சோதிக்கும் சின்னக் கம்பெனி அது. அசாரி முதலாளி. டொபிட்டா இருபத்தாறு வருஷமாகத் தொங்கு மேடையில் நின்று, சின்னச் சுத்தியலால் ஓடுகளைத் தட்டிக் காது கொடுத்துக் கேட்பவர். 'டங்' என்றால் ஓடு கெட்டி. 'பொத்' என்றால் உள்ளே ஒட்டாமல் வெற்றிடம், என்றைக்காவது யார் தலையிலாவது விழும். அவருக்குச் சோறு போட்டதே காதுதான். அதில் இடது காதின் கேட்கும் நரம்பில் சுண்டைக்காய் அளவுக்கு ஒரு கட்டி இருப்பது போன வாரம் ஸ்கேனில் தெரிந்தது.

"புற்று இல்ல, பயப்படாதீங்க. ஆனா விட்டா வளரும்" என்றார் டாக்டர் செதோ. நடுவயது அம்மாள், எதையும் சுற்றி வளைக்காமல் சொல்பவர். "எடுக்க மூணு வழி இருக்கு. காது வழியாவே துளைச்சுப் போனா எனக்குச் சௌகரியம். ஆனா அந்தக் காது அப்புறம் கேட்காது. காதுக்கு மேல மண்டையைத் திறக்கலாம், பின்னாலயும் திறக்கலாம். அந்த ரெண்டுலயும் கேட்கற சக்தி தங்க வாய்ப்பு உண்டு. உங்க கட்டி இருக்கற இடத்துக்குப் பின்வழிதான் தோது. பாதிக்குப் பாதின்னு வெச்சுக்கோங்க. சத்தியம் பண்ணித் தர முடியாது."

"பின்வழியாவே போங்க டாக்டர். மிஞ்சினது மிஞ்சட்டும்."

இதை அசாரியிடம் சொன்னால் மேடையிலிருந்து இறக்கி போன் எடுக்கிற நாற்காலியில் உட்கார வைத்துவிடுவார் என்று டொபிட்டாவுக்குப் பயம். அதனால்தான் பல். பல் எடுபடவில்லை.

"பல் இல்ல சார். பொண்ணுக்குக் கல்யாணம்."

அசாரி எழுந்தே விட்டார். "அதைச் சொல்ல எதுக்குய்யா பல்லைப் பிடுங்கற? எங்க கல்யாணம்?"

"ஓகினாவா."

"மூணு வாரமா?"

"அந்தப் பக்கம் சடங்கு கொஞ்சம் நீளம் சார்."

"விருந்துல வாழ்த்துப் பேச்சு நான் பேசறேன்."

அசாரி கல்யாணத்தில் பேசினால் சூப் ஆறிவிடும். வீட்டு ஆட்கள் மட்டும்தான் என்று டொபிட்டா சமாளித்தார். "அப்ப பேச்சைப் பதிவு பண்ணித் தரேன். மாப்பிள்ளை பேரு?" என்றார் அசாரி. ஜன்னலுக்கு வெளியே ஒரு ரொட்டிக் கடை வண்டி நின்றிருந்தது. டொபிட்டா அதில் எழுதியிருந்த பேரை வாசித்தார். "குரோசே. ரொட்டி போடறவர்."

ராத்திரிச் சாப்பாட்டில் விஷயத்தைப் பாதி சொல்வதற்குள் மகள் சியோரியின் கையிலிருந்து நூடுல்ஸ் கிண்ணத்தில் விழுந்தது.

"எனக்குக் கல்யாணம்னு யாருப்பா உங்ககிட்ட சொன்னது?"

"யாரும் சொல்லல. நான்தான் சொன்னேன். மாப்பிள்ளை பேரு குரோசே."

"குரோசேவா?" சியோரி மெல்ல மூச்சு விட்டாள். "சரி, பரவால்ல."

மனைவி மிட்சுயே கிண்ணத்தைத் தள்ளி வைத்தாள். "கட்டியை மறைக்கப் போய்ப் பொண்ணைக் கட்டிக் கொடுத்துட்டு வந்திருக்கீங்க."

ஞாயிற்றுக்கிழமை அசாரி மங்கலச் சீராக ஒரு முழுச் சங்கரா மீனோடு வாழ்த்துச் சொல்ல வந்து இறங்கினார். மூன்று பேரும் குனிந்து வணங்கினார்கள்.

"பையன் நல்லவனாம்மா?"

"நல்லவர்தான் சார்" என்றாள் சியோரி. "அவங்க அப்பாதான் கொஞ்சம் ஜாஸ்தி பேசுவார்."

"அப்படிப்பட்ட ஆளுங்களுக்கு மனசு வெள்ளையா இருக்கும்மா" என்று அசாரி தேற்றினார். போகும்போது, விமான நிலையத்துக்கு வழியனுப்ப வருவதாகவும் சொல்லிவிட்டுப் போனார்.

வேறு வழியில்லை. ஆஸ்பத்திரியில் சேர வேண்டிய நாளன்று குடும்பமே ஓகினாவாத் தீவுக்கேற்ற பூப்போட்ட சட்டையும் பெட்டியுமாக விமான நிலையம் போனது. அசாரி கை ஆட்டி ஓய்ந்ததும் வேறு வாசல் வழியாக வெளியே வந்து பஸ் பிடித்தது. டாக்டர் செதோ டொபிட்டாவின் சிவப்புச் செம்பருத்திச் சட்டையை மேலும் கீழும் பார்த்தார்.

மறுநாள் அறுவைச் சிகிச்சை ஏழு மணி நேரம் நடந்தது. இடது காதுக்குள் 'டிக் டிக்' என்று ஓசை அனுப்பி, நரம்பு பதில் சொல்கிறதா என்று திரையில் ஒருவர் பார்த்துக்கொண்டே இருந்தார். திரையில் அலை தணிந்தால் டாக்டர் கையை நிறுத்துவார். அலை எழுந்தால் மறுபடி தொடுவார். வெளியே மிட்சுயேவிடம், எதிர்பார்த்ததைவிட நேரமாகும் என்று மட்டும் சொன்னார்கள். அந்த நேரம் பார்த்து அசாரியிடமிருந்து போன்.

"என் பேச்சைப் போட்டாச்சா? கேட்டுட்டு எல்லாரும் அழுதாங்களா?"

"அழுதுகிட்டுதான் இருக்கோம் சார்" என்றாள் மிட்சுயே. அதற்குமேல் அவளால் முடியவில்லை. பல்லிலிருந்து ஆரம்பித்து எல்லாவற்றையும் கொட்டிவிட்டாள். மறுமுனையில் அசாரி, வாழ்க்கையில் முதல் தடவையாக, இரண்டே வார்த்தையில் பேச்சை முடித்தார்: "எந்த ஆஸ்பத்திரி?"

நாலாம் நாள் அவர் கட்டிலருகே வந்து நின்றார். தலைக்கட்டோடு டொபிட்டா எழுந்திருக்கப் பார்த்தார்.

"படுய்யா. காது போனா உன்னைத் தூக்கி எறிஞ்சிடுவேன்னு நெனச்சியா? இருபத்தாறு வருஷத்துல நீ தட்டிப் பார்த்து விட்ட ஓடு ஒண்ணாவது விழுந்திருக்கா? உனக்குக் கையிலயே கேட்கும்." அசாரி மூக்கை உறிஞ்சினார். "எனக்கு ஒரே வருத்தம், அவ்வளவு நல்ல பேச்சு வீணாப் போச்சு."

டொபிட்டாவுக்குக் கண் கலங்கிவிட்டது. பதில் சொல்வதற்குள் டாக்டர் செதோ உள்ளே வந்தார். வலது காதில் இரைச்சல் போடும் ஒரு கருவியை மாட்டினார். இனி கேட்டால் இடது காதில்தான் கேட்க வேண்டும்.

"கண்ணை மூடிக்கோங்க. யாராவது ஒருத்தர் இவர் காதுகிட்ட மெதுவாப் பேசுங்க. தெரிஞ்ச விஷயம் வேண்டாம், ஊகிச்சுடுவார். இவருக்குக் கொஞ்சமும் தெரியாத ஒண்ணைச் சொல்லணும்."

மிட்சுயே யோசித்தாள். அவளிடம் அப்படி ஒன்றும் இல்லை. சியோரி முன்னால் வந்தாள். அசாரியை ஒருமுறை திரும்பிப் பார்த்துவிட்டு, அப்பாவின் இடது காதோடு வாயை வைத்தாள்.

முதலில் மூச்சின் சூடு மட்டும்தான் தெரிந்தது. பிறகு மெல்லியதாக, ஆனால் சொல் சொல்லாக, தெளிவாக விழுந்தது:

"அப்பா, போன மாசமே நான் பதிவுக் கல்யாணம் பண்ணிக்கிட்டேன், மாப்பிள்ளை அசாரி சாரோட பையன், சாருக்கே இன்னும் தெரியாது."