குட்டிக்கரண மிஸ்

கந்தர்வக்கோட்டையில் எங்கள் குட்டிக்கரண மிஸ் அளவுக்கு மனம் நொந்தவரை நீங்கள் பார்க்கவே முடியாது. பஸ் சரியான நேரத்துக்கு வந்தால்கூட, வழியில் பிரேக்டவுன் ஆகத்தான் வருகிறது என்று பெருமூச்சு விடுவார்.

பல்கேரியாக்காரர். அந்த நாட்டுப் பெண்கள் ஒலிம்பிக்குக்குப் போகத் தொடங்கிய காலத்தில் ஜிம்னாஸ்டிக்ஸ் ஆடியவர். அங்கே படிக்கப் போன நம்மூர் இன்ஜினீயரைக் கட்டிக்கொண்டு இங்கே வந்தார். கணவர் இறந்த பிறகும் திரும்பிப் போகவில்லை. நான் தமிழ் டீச்சராக இருக்கும் பெண்கள் பள்ளியில் பி.டி. மிஸ்ஸாகச் சேர்ந்தார்.

சேர்ந்த வாரமே, பிள்ளைகள் மேலே ஏறி நடந்து பழக உயரமான நீளக் கட்டை வேண்டும் என்று தாளாளரிடம் கேட்டார். கால் ஆடும் பழைய பெஞ்சு ஒன்று கிடைத்தது. மறுநாள், ஐம்பது தாண்டிய அந்த வயதில் காம்பவுண்டுச் சுவர்மேல் ஏறி, கைகளை விரித்துக்கொண்டு நடந்தார். வாட்ச்மேன் அழுதேவிட்டார். பக்கத்து முந்திரித் தோப்பில் கொட்டை பொறுக்கியவர்களெல்லாம் கூடிவிட்டார்கள்.

"மேடம், இங்கிட்டு எறங்கி வாங்க. எதுவா இருந்தாலும் பேசித் தீத்துக்கலாம்," என்றார் தாளாளர்.

"பேசி என்னங்க ஆகப்போவுது? கட்டை வரப்போறதில்ல," என்றபடி மிஸ் சுவரின் முனைவரை போய்த் திரும்பினார்.

வரவும் இல்லை. வைக்கோலைச் சாக்கில் அடைத்து அவரே ஒரு மெத்தை தைத்து, பிள்ளைகளுக்குக் குட்டிக்கரணம் சொல்லிக்கொடுக்க ஆரம்பித்தார். உடனே ஒரு மாணவியின் அப்பா சண்டைக்கு வந்தார்.

"பொம்பளப் புள்ள தலைகீழா நின்னா எவன் கட்டிக்குவான்?"

"எங்க வீட்டுக்காரரு என்னைய மொதல்ல பாத்ததே தலைகீழாத்தாங்க," என்றார் மிஸ்.

அவரிடம் தேறியவள் நூர்ஜகான் ஒருத்திதான். அவளை மாவட்டப் போட்டிக்குக் கூட்டிப்போனோம். எதிர்த்து ஆட வேறு யாரும் வராததால், அவளை ஆடவே விடாமல் முதல் பரிசுக் கோப்பையைக் கையில் கொடுத்து அனுப்பிவிட்டார்கள். திரும்பும்போது பஸ்ஸில் மிஸ் புலம்பவே இல்லை. எனக்கு அதுதான் பயமாக இருந்தது.

அடுத்து அவள் பத்தாம் வகுப்பு, படிப்பு கெடும் என்று வீட்டில் ஜிம்னாஸ்டிக்ஸை நிறுத்திவிட்டார்கள். பி.டி. பீரியடும் கணக்குப் பாடத்துக்குப் போய்விட்டது. ஆனாலும் அந்த நேரம் வந்தால் மிஸ் மைதானத்தில் மெத்தையை விரித்துப்போட்டு, யாரும் வராத அந்தப் பீரியட் முழுக்கப் பக்கத்திலேயே நிற்பார்.

போன வாரம் ஸ்டாஃப் ரூம் ஜன்னல் வழியாக அதைப் பார்த்துக்கொண்டிருக்க என்னால் முடியவில்லை. சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு போய், என் பெருத்த உடம்போடு மெத்தையில் மண்டியிட்டேன்.

"எதுக்குங்க டீச்சர் இதெல்லாம்? ஒங்களால முடியாது."

"முடியாதுதாங்க. சொல்லிக் குடுங்க."

என் பிடரியில் கைவைத்துத் தாங்கினார். பாதி உருண்டு, பக்கவாட்டில் சரிந்தேன். எழுந்து உட்கார்ந்து, இன்னொரு தடவை என்றேன்.