ஜப்பானில் டேட்டா வரவழைப்பது பற்றித் தம்பிக்கு

குமமோட்டோ, ஜப்பான்
ஏப்ரல் 11

அன்புள்ள தம்பி வென்-டிங்குக்கு அண்ணன் வென்-காய் எழுதுவது. இங்கே நானும் உன் அண்ணியும் நலம். உன் அண்ணன் மகள் யி-ஜுன்னும் அவள் பெற்ற ஆறு நாள் ராணியும் நலம். நம் ஊர் டௌலியூவில் நீயும் உன் மனைவி பாய்-ஹுவெயும் சுகமாக இருப்பீர்கள், உன் முதுகுவலியும் அடங்கியிருக்கும் என்று நம்புகிறேன்.

அடுத்த மாதம் நீங்கள் இருவரும் வெளிநாடு கிளம்புகிறீர்களாமே, அண்ணி சொன்னாள். போனுக்கு டேட்டா வேண்டுமென்றால் வேறு யாரையும் கேட்காதே, என்னைக் கேள். முப்பத்திரண்டு வருஷம் ஊருக்கே தண்ணீர் திறந்துவிட்டவனுக்கு இது எம்மாத்திரம்? வழி மூன்று இருக்கிறது. நம் ஊர் எண்ணிலேயே ரோமிங் போட்டுக்கொள்ளலாம், வாடகை வைஃபை பெட்டியைச் சுமந்துகொண்டு அலையலாம், இல்லையென்றால் இ-சிம். நான் எடுத்தது இ-சிம். கையில் எதுவும் தரமாட்டார்கள். கட்டம் கட்டமாக ஒரு படம் மெயிலில் வரும், அதைப் போனில் ஸ்கேன் செய்தால் சிம் தானாக உள்ளே போய் உட்கார்ந்துகொள்ளும். சங்கடம் என்னவென்றால், படம் வந்ததும் என் போனுக்கு, ஸ்கேன் செய்யவேண்டியதும் அதே போன். தன் முதுகைத் தானே பார்க்கச் சொன்ன மாதிரி. குளியலறைக் கண்ணாடி முன் அரைமணி நேரம் போனை ஆட்டி ஆட்டிப் பார்த்தேன். உன் அண்ணி எட்டிப் பார்த்து, "என்னங்க, போனுக்குச் சவரம் பண்ணி விடறீங்களா?" என்றாள். நான் நேரே தெருமுனையில் இருக்கும் காலை உணவுக் கடைக்குப் போய், லியாவ் அக்கா போனுக்குப் படத்தை அனுப்பி, அதைத் தூக்கிப் பிடிக்கும்படி அவளிடம் சொன்னேன். "சீக்கிரம் ஆகட்டும் தம்பி, அங்க சோயாப்பால் பொங்குது!" என்று மாவுக்கையோடு கத்தினாள். சிம் ஏறிவிட்டது. வரிசையில் நின்றவர்கள் கைதட்டினார்கள். ஆனால் அந்தப் பத்து நாள் திட்டம் ஸ்கேன் செய்த நிமிஷத்திலிருந்தே ஓட ஆரம்பிக்குமாம். எங்கள் விமானத்துக்கோ இன்னும் பன்னிரண்டு நாள். சின்ன எழுத்தில் போட்டிருந்தார்கள்தான், நான் சின்ன எழுத்துக்கெல்லாம் மரியாதை கொடுப்பதில்லை. ஜப்பானில் இறங்கிய பிறகே நாள் ஓடுகிற இன்னொன்று வாங்கினேன்.

அப்போதுதான் யி-ஜுன் இங்கே குமமோட்டோவிலிருந்து கூப்பிட்டாள். "அப்பா, வலி ஆரம்பிக்குதுப்பா. அவர் வேற ஹொக்கைடோல மாட்டிக்கிட்டார். உடனே கிளம்பி வாங்க. ஏர்போர்ட்ல இறங்கினதும் ஆஸ்பத்திரிக்கு வழி அனுப்பறேன்." டாக்டர் சொன்ன தேதிக்கு இரண்டு வாரம் இருந்தது. கிடைத்த விமானத்தைப் பிடித்தோம்.

இறங்கியதும் போனைத் திறந்தேன். சிக்னல் கோடு நான்கும் நிமிர்ந்து நிற்கிறது, டேட்டா மட்டும் ஒரு சொட்டு இல்லை. நான்கு முறை அணைத்துப் போட்டேன். 'டேட்டா ரோமிங்கை இயக்கவும்' என்று அதுவே கெஞ்சியது. ரோமிங்கைத் தொட்டால் பில் எகிறித் தொலைந்தோம் என்று ஊரில் பத்துப் பேர் சொல்லி அனுப்பியிருக்கிறார்கள், நான் ஏமாறுவேனா? "தொட்டுத்தான் பாருங்களேன்" என்றாள் உன் அண்ணி சியு-யுன். "உனக்குத் தெரியாது, நான் எல்லாம் படிச்சிருக்கேன்" என்றேன். "நீங்க படிச்சு முடிக்கறதுக்குள்ள பேரப்பிள்ளை பள்ளிக்கூடம் போயிடும்" என்று சொல்லிவிட்டு, அவள் தன் போனில் எதையோ தேடினாள். போன மாதம் மகள் அனுப்பிய வயிற்று ஸ்கேன் படம். மூலையில் ஆஸ்பத்திரி பெயர் இருந்தது. அதை டாக்சிக்காரர் மூக்குக்கு நேரே நீட்டினாள். அவர் படித்துப் பார்த்து, குனிந்து வணங்கி, கதவைத் திறந்தார்.

வழி முழுக்க நான் போனை ஜன்னலுக்கு வெளியே பிடித்துக்கொண்டு வந்தேன். சியு-யுன் கைப்பையை நெஞ்சோடு இறுக்கிக்கொண்டிருந்தாள். பிள்ளை அந்நிய ஊரில் தனியாகக் கிடக்கிறாளே என்று எனக்கும் உள்ளுக்குள் உதறல்தான். இதை உனக்கு மட்டும் எழுதுகிறேன்.

போய்ச் சேர்ந்தால், யி-ஜுன் கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு முறைக்கிறாள். "எத்தனை மெசேஜ்ப்பா அனுப்பறது!"

"டேட்டா வரலம்மா."

"குடுங்க இப்படி." ஒரு வலிக்கும் அடுத்த வலிக்கும் நடுவே போனை வாங்கி, ஒரு விரலால் எதையோ தட்டினாள். "நம்ம ஊர் சிம்முக்குத்தான்ப்பா ரோமிங்கை அணைக்கணும். இ-சிம்முக்குப் போட்டாத்தான் உயிரே... ஐயோ அம்மா!"

அந்தக் கணத்தில் டிங் டிங் என்று இருபத்து மூன்று மெசேஜ் வந்து விழுந்தது. நர்ஸ் என்னையும் போனையும் சேர்த்து வெளியே தள்ளினாள். நாற்பது நிமிஷத்தில் பேத்தி பிறந்தாள். இரண்டு கிலோ எண்ணூறு கிராம், மூக்கு நம் அம்மாவுடையது. அவள் முதல் படம் உனக்கு ஒரு நொடியில் வந்து சேர்ந்ததே, அது என் இ-சிம் வழியாகத்தான் வந்தது!

ஆகவே நீ கவலையே படாதே. உனக்கும் பாய்-ஹுவெய்க்கும் ஆளுக்கொன்றாக நானே ஜப்பான் இ-சிம் வாங்கி, படங்களைத் தாளில் அச்சடித்து இத்துடன் வைத்திருக்கிறேன். கண்ணாடியும் வேண்டாம், மாவுக்கையும் வேண்டாம். எல்லாம் யோசித்துச் செய்திருக்கிறேன்.

போகும் வழியெல்லாம் உங்களுக்கு நல்ல வழியாகவே அமையட்டும். பாய்-ஹுவெய்க்கு என் ஆசிகள்.

அன்புடன்,
அண்ணன் ஷூ வென்-காய்

பி.கு.: உறையை ஒட்டப்போகும்போது உன் அண்ணி வந்து சொல்கிறாள், நீங்கள் போவது கொரியாவுக்காம், பூசானுக்காம். இந்த இ-சிம் ஜப்பானைத் தாண்டினால் மூச்சு விடாது. வாங்கினதைத் திருப்பியும் எடுக்கமாட்டார்களாம், அதுவும் சின்ன எழுத்தில் இருக்கிறது. உன் விமான டிக்கெட்டை மாற்ற முடியுமா என்று உடனே விசாரி. பூசானில் அப்படி என்ன இருக்கிறது?