புடவையில் விழுந்த ட்விஸ்ட்

யோசனை வரும் நேரத்தில் மனிதன் கையில் ஒன்றும் இருக்கக் கூடாது. என் கையில் காலி பிஸ்கெட் டப்பா இருந்தது.

நான் அப்போது பி.யூ.சி. தேறியிருந்தேன். அடுத்து என்ன என்று யாராவது கேட்டால் மொட்டை மாடிக்கு ஓடிவிடுவேன். அன்று காலை கூடத்தில் நைனா தறியில் உட்கார்ந்து, தினமும் பாடும் அதே பழைய நாடகப் பாட்டைப் பாடிக்கொண்டிருந்தார். மழையை வா வா என்று கெஞ்சும் பாட்டு. அவர் கெஞ்சும் வேகத்தைக் கேட்டால் மேகம் செங்கல்பட்டிலேயே படுத்துத் தூங்கிவிடும். குறுக்கிழை போடும் நாடாவை ஒரு தரம் ஓட்டுவார். இழை நெருங்கி உட்காரப் பலகையை இரண்டு தரம் இழுத்து அடிப்பார். வலது ஓரத்தில் பார்டர் நாடாவைத் தள்ளும் என் சரோஜா அக்கா கொட்டாவிக்கு நடுவே கூடப் பாடுவாள். எங்கள் தெருவில் பாதித் தறிகள் இந்தப் பாட்டில்தான் ஓடின.

அதே மெட்டை டப்பாவில் இரண்டு மடங்கு வேகத்தில் தட்டிப் பார்த்தேன். ஒரு வரி முடிவதற்குள் என் இடுப்பு தானாகத் திரும்பியது. (அதற்கு முன் என் இடுப்புக்கு அப்படியொரு பழக்கம் கிடையாது.)

"இன்னாடா அது? பாட்டுக்கு ஜன்னி கண்டாப்பல கீது?" என்றார் நைனா.

"ட்விஸ்ட், நைனா! பழசைப் புதுசாக்கறேன். ஆடித் திருவிழாவுல மேடையேத்தப் போறேன்."

"இத்த யாரு கேப்பாங்க?"

"தெருவே பாடும், பாத்துக்கினே இரு."

"தெரு பாடுச்சின்னா நான் வாயத் தொறக்க மாட்டேன். எங்க வேணா போயி டப்பா தட்டு. பாடலன்னா மறுநாளே இந்தத் தறியில வந்து குந்து. சரியா?"

சரி என்றேன். பதினெட்டு வயதில் எதற்குத்தான் சரி சொல்லவில்லை?

முனுசாமி என்ற நண்பன் இரவல் அக்கார்டியனோடு வந்தான். நான் பாட்டு, பாங்கோஸ் இரண்டும். பல்லவி குதிரைப் பாய்ச்சல். நடுவே எல்லாம் அடங்கி, என் பாங்கோஸ் மட்டும் 'டும் டும் டும்' என்று கனமாக முழங்க ஓர் இடம் வைத்தேன். (கலைஞனுக்குத் தன்னடக்கம் வேண்டும். அந்தச் சின்ன மேடையில் அதற்கு இடம் போதவில்லை.)

திருவிழாவில் கூழ் வாங்க வந்தவர்கள் சொம்போடு ஆடினார்கள். மூன்று ஒன்ஸ்மோர். மறுநாள் வீட்டுக்கு வீடு என் ட்விஸ்ட்தான். ஐயம்பேட்டை பஸ்ஸில் கண்டக்டர் விசிலிலேயே அதை ஊதினார் என்று முனுசாமி சத்தியம் செய்தான்.

ஓடிப்போய் நைனா முன்னால் நின்றேன். "தெரு பாடுது. ஒத்துக்கோ."

"தெருன்னா நானுந்தான். நான் பாடினேனா?" என்று உதட்டை இறுக்கிக்கொண்டார். நான் வீட்டில் இருக்கும் நேரத்தில் அவர் எந்தப் பாட்டையும் பாடவில்லை. நானும் இரண்டு வாரம் வீட்டில் அதிகம் இல்லை. ஊர் முழுக்கப் பாராட்டு வாங்க வேண்டியிருந்தது.

அந்த இரண்டு வாரத்தில் தறியில் இருந்தது ஓர் அரக்கு நிற முகூர்த்தப் புடவை. வழக்கத்தைவிட மூன்று நாள் முன்னதாகவே முடிந்தது. ஏன் என்று யாருக்கும் தோன்றவில்லை. பெரிய காஞ்சிபுரத்தில் இருந்த, பட்டு தந்து நெய்யச் சொல்லும் முதலாளி வீட்டுக்கு நைனாவோடு நானும் போனேன். பெண் வீட்டார் வந்து காத்திருந்தார்கள்.

முதலாளி புடவையை ஜன்னல் வெளிச்சத்தில் விரித்தார். அவர் முகம் சுருங்கியது.

"இன்னாபா இது? ஒரு சாண் சல்லடை, நாலு விரல் கோணிப்பை, மறுபடியும் சல்லடை!"

"பட்டு சரியில்லீங்க," என்றார் நைனா. "மழ ஈரம் வேற."

"ஆமா, இந்த வாட்டி வந்த பட்டே ஒரு மாதிரிதான்," என்று முதலாளி இழுத்தார். நம்பத் தொடங்கிவிட்டார். நான் ஒரே ஒரு நிமிஷம் சும்மா நின்றிருந்தால் தப்பித்திருப்போம்.

எனக்கோ அந்தப் புடவை முழுக்கத் தெளிவாகக் கேட்டது! ட்விஸ்ட் வேகத்தில் நெய்தால் பலகையின் இரண்டாவது அடிக்கு நேரமேது? பல்லவியை முணுமுணுத்த இடமெல்லாம் மெலிசு. வாயால் பாங்கோஸ் போட்ட இடமெல்லாம் மூன்று அடி விழுந்து கெட்டி.

"ஈரமில்லீங்க முதலாளி!" என்று பாய்ந்தேன். "இங்க பாருங்க, இது பல்லவி. இந்தக் கெட்டி என் பாங்கோஸ். டும் டும் டும்! திரும்பப் பல்லவி. நைனா பாடியிருக்காரு! எங்க நைனா பாடியிருக்காரு!"

சொன்னதோடு விட்டேனா? ஆறு கஜத்தையும் விரலால் தொட்டுத் தொட்டு, உள்முனையிலிருந்து முந்தி வரை பாடிக் காட்டினேன். முந்தியில் ஒன்ஸ்மோர் வேறு.

எல்லோரும் முதலாளி முகத்தைப் பார்த்தார்கள். பெண்ணின் அத்தை மட்டும் தொடையில் தாளம் போட்டுக்கொண்டிருந்தார்.

"பாட்டு நல்லாத்தான் கீது," என்றார் அந்த அம்மாள். "புடவதான் வேணாம்."

நைனா புடவையை மடித்தார். சொன்ன சொல் தவறாதவர். பந்தயத்தில் தோற்றபடியால் என்னிடம் பதினேழு நாள் வாயே திறக்கவில்லை. அந்தப் பதினேழு நாளும் அவரும் அக்காவும் உதடு அசையாமல் வேறொரு புடவை நெய்து கொடுத்தார்கள். நான் நாடாவுக்குள் வைக்கும் தாரில் பட்டு நூல் சுற்றிக் கொடுத்தேன், மூச்சைக்கூடத் தாளமில்லாமல் விட்டபடி.

முதலாளி வீட்டில் வாயை மூடிக்கொண்டிருக்க வேண்டும் என்று எல்லோரும் சொல்கிறார்கள். ஒப்புக்கொள்கிறேன். பாட்டைப் பற்றி மட்டும் யாரிடமும் மன்னிப்புக் கேட்பதாக இல்லை. மோசமான பாட்டாக இருந்திருந்தால் அந்தப் புடவை ஒழுங்காக வந்திருக்கும்.

திரும்பி வந்த புடவையை அம்மா எல்லாக் கல்யாணங்களுக்கும் கட்டுகிறாள். எங்கள் வீட்டில் இன்றும் சாம்பார் தண்ணியாக இருந்தால் 'பல்லவி', கெட்டியாக இருந்தால் 'பாங்கோஸ்'. பிறகு அக்காவைக் கட்டிக்கொடுத்த சம்பந்தி வீட்டார்கூடக் கற்றுக்கொண்டார்கள்.

வருகிற ஆடிக்கு அம்மாவின் தாலாட்டை எடுத்திருக்கிறேன். முழு ராக் அண்ட் ரோல். "புள்ள எப்டிடா தூங்கும்?" என்கிறாள் அக்கா, மடியில் மகனை வைத்துக்கொண்டு. தூங்கச் சொன்னது யார்?

நைனாவிடமும் சொன்னேன். என்றைக்கு மேடை என்று மட்டும் கேட்டார். சொன்னேன். தறியை ஒரு பார்வை பார்த்தார்.

"அதுலேர்ந்து ரெண்டு வாரம்," என்றார், "நான் தறியில குந்த மாட்டேன்."