ஆப்பிரிக்கா போவதற்காக அம்மா முற்றுப்புள்ளி பழகியது

அன்பையும் அதட்டலையும் ஒரே குரலில் வழங்கும் பெரிய மாமா அவர்களுக்கு,

தங்கள் ஒரே தங்கையின் ஒரே மகள், வீட்டில் ‘வாலு’ என்று அன்போடும் பள்ளியில் அதே பெயரால் அன்பில்லாமலும் அழைக்கப்படுகிறவள், பணிவுடன் எழுதுவது. இங்கே நான் நலம், அப்பா நலம், அம்மா மிக மிக நலம், பக்கத்து வீட்டாரின் காதுகள் மட்டும் சுமார். அங்கே தாங்களும் அத்தையும் தங்கள் முட்டிவலியும் எப்படி? முட்டிவலி மட்டும் சௌக்கியமாக இருக்க வேண்டாம் என்று தினமும் வேண்டிக்கொள்கிறேன்.

போன வாரம் தாங்கள் போனில் ஒன்று சொன்னீர்கள். “அவளையா ஆப்பிரிக்காவுக்குக் கூட்டிட்டுப் போறாங்க? ரெண்டாவது நாளே அந்த ஊர்க்காரங்க பார்சல் கட்டித் திருப்பி அனுப்பிடுவாங்க” என்று சொல்லி, சொன்னவரே விழுந்து விழுந்து சிரித்தீர்கள். ஸ்பீக்கர் போட்டிருந்தது. அம்மா சிங்க் பக்கத்தில் நின்று பாத்திரம் துலக்கிக்கொண்டே முழுவதையும் கேட்டுக்கொண்டிருந்தாள். தங்களுக்குப் பதில் சொல்ல அவளுக்கு இப்போது நேரமில்லை. எனக்கு நேரம் ஏராளம். ஆகவே இந்தக் கடிதம். தயவுசெய்து உட்கார்ந்து படிக்கவும், முட்டிக்கும் நல்லது.

எங்கள் சபையிலிருந்து ஒரு சின்னக் குழு இரண்டு வாரம் ஊழியத்துக்காக ஆப்பிரிக்கா போகிறது என்பது தாங்கள் அறிந்ததே. அங்கே ஒரு சபையார் பள்ளிக்கூடமும் ஒரு சிறிய மருந்தகமும் நடத்துகிறார்கள். போதகர் ஐயா பிரசங்கம் செய்வார், தச்சு வேலை செய்கிற அண்ணன் பள்ளிக்கூடத்துக்குப் பெஞ்சு செய்து கொடுப்பார், குழந்தைகள் வார்டு நர்ஸான அம்மா தாய்மார்களிடம் பேசுவாள். வயிற்றுப்போக்கு வந்த குழந்தைக்கு உப்பும் சர்க்கரையும் கலந்த தண்ணீரை எப்படிக் கொடுப்பது என்பது அவளுடைய பாடம். ஆப்பிரிக்கா ஒரு நாடு இல்லை, ஒரு கண்டம் என்று நான் புவியியல் புத்தகத்தைப் பிரித்து அப்பாவுக்கு விளக்கினேன். “அவங்களுக்கா, நமக்கா?” என்று அப்பா கேட்டார். ஃப்ரிட்ஜ் மெக்கானிக்குகளிடம் புவியியல் பேசக்கூடாது.

குழுவுக்குத் தலைவர் விசில் அங்கிள். ஓய்வுபெற்ற விளையாட்டு வாத்தியார். பள்ளி அவரை விட்டாலும் விசில் அவரை விடவில்லை, கழுத்திலேயே தொங்குகிறது. குழுவில் ஏற்கெனவே ஒருமுறை அங்கே போய்வந்தவர் அவர் மட்டும்தான் என்பதால் அவர் சொல்வதே சட்டம். முதல் கூட்டத்திலேயே சட்டத்தை வாசித்துவிட்டார். “அங்க நீங்க பேசறத ஒருத்தர் பக்கத்துல நின்னு அவங்க பாஷையில சொல்வாரு. அதனால ஒரு வாக்கியம் சொல்லணும், நிறுத்தணும். அவர் முடிக்கற வரைக்கும் காத்திருக்கணும். அப்புறம்தான் அடுத்த வாக்கியம். போன தடவை ஒருத்தரு நிறுத்தாமப் பேசினாரு, மொழிபெயர்க்கற ஆளு பாவம், பாதியில உட்கார்ந்துட்டாரு.” பிறகு குரலைத் தாழ்த்தி, அம்மாவைப் பார்க்காமல் அம்மாவுக்காகவே சொன்னார்: “நிறுத்தத் தெரியாதவங்களுக்குப் பதிலா ஆள் மாத்த வேண்டியிருக்கும். இன்னொரு நர்ஸம்மா தயாரா இருக்காங்க.”

அம்மாவின் முகம் போன போக்கைத் தாங்கள் பார்த்திருந்தால் போனில் சிரித்திருக்க மாட்டீர்கள். பல வருஷமாக வார்டைத் தவிர வேறெங்கும் போகாதவள். பாஸ்போர்ட் வந்த அன்று அதைத் தலையணைக்கு அடியில் வைத்துக்கொண்டு படுத்தவள். இனி அந்தப் பயணம் ஒரே ஒரு முற்றுப்புள்ளியில் தொங்குகிறது. தங்கள் தங்கையின் பேச்சில் கமா உண்டு, ‘அதுமட்டுமில்ல’ உண்டு, ‘இன்னொண்ணு சொல்ல மறந்துட்டேன்’ உண்டு. முற்றுப்புள்ளியை மட்டும் இந்த வீட்டில் இதுவரை யாரும் பார்த்ததில்லை.

ஒத்திகைக்கு ஒரு மொழிபெயர்ப்பாளர் வேண்டுமே? சபை ஹாலின் கடைசி வரிசையில் நாற்காலியை ஆட்டிக்கொண்டிருந்த என் மேல் விசில் அங்கிளின் பார்வை விழுந்தது. “ஏய் வாலு, உன் வாய் சும்மாதானே இருக்கு, இங்க வா. அவங்க சொல்றத அப்படியே தமிழ்ல திருப்பிச் சொல்லு. ‘அவர் சொல்றாரு’ன்னு சொல்லக்கூடாது. அவர் ‘நான்’னா நீயும் ‘நான்’னுதான் சொல்லணும். அதுதான் முறை.” ஆக, தமிழிலிருந்து தமிழுக்கு மொழிபெயர்க்கும் பதவி எனக்குக் கிடைத்தது. இதற்கு முன் எனக்குக் கிடைத்த ஒரே பதவி வகுப்புக்கு வெளியே நிற்பது.

முதலில் போதகர் ஐயா. கணீரென்று ஆரம்பித்தார்: “குடிக்காமல் என்னால் ஒரு நாள்கூட இருக்க முடியாது!” சட்டம் ஞாபகம் வந்து அங்கேயே நிறுத்தினார். நானும் சட்டப்படி மைக்கைப் பிடித்து, “குடிக்காம என்னால ஒருநாள்கூட இருக்க முடியாது” என்று உருக்கமாகச் சொன்னேன். முன்வரிசையில் போதகரம்மா தலையை நிமிர்த்தினார். “...என்று சொன்ன ஒருவரை நான் ஒருமுறை சந்தித்தேன்!” என்று ஐயா பதறி முடிப்பதற்குள் விசில் ஊதியாயிற்று. “ஐயா, வாக்கியம் முடிஞ்சப்புறம் நிறுத்துங்க. அங்க இப்படி நின்னீங்கன்னா உங்களைத்தான் மொதல்ல மனந்திரும்ப வெப்பாங்க.” ஐயாவே சிரித்துவிட்டார். நல்ல மனிதர், மாமா. அடுத்த முறை சரியான இடத்தில் நிறுத்தினார்.

அடுத்து அம்மா. மைக்கைத் தொட்டாள், அவ்வளவுதான். “கொழந்தைக்கு வயித்தால போச்சுன்னா பயப்படாதீங்க, பயந்தா உங்க கை கால் ஓடாது, போன மாசம்கூட எங்க வார்டுக்கு ஒரு பொண்ணு வந்தா, அவளுக்கே இருபது வயசுகூட இருக்காது, அவ மாமியார் வேற கூடவே நின்னுக்கிட்டு அது குடு இது குடுன்னு, நான் சொன்னேன் அம்மா நீங்க கொஞ்சம் வெளிய இருங்கன்னு, அதுமட்டுமில்ல தண்ணிய கொதிக்க வெச்சு ஆற வெச்சு, ஆற வெக்கறப்ப மூடி வெக்கணும், எங்க வீட்ல ஒரு நாள் மூடாம வெச்சு என்னாச்சுன்னா...” விசில் ஊதியது. அம்மாவுக்குக் கேட்கவில்லை. மறுபடி ஊதியது. தெருவில் போன ஒரு பைக் நின்றது, அம்மா நிற்கவில்லை. மூச்சு வாங்க அவள் ஒரு நொடி தாமதித்ததும், நான் பொறுமையாக மைக்கை இழுத்து, முழுவதையும் மொழிபெயர்த்தேன்: “தண்ணி குடுங்க.”

ஹாலே அதிர்ந்தது. அம்மாவும் சிரித்தாள். ஆனால் வீட்டுக்கு வரும் வழியெல்லாம் அம்மா பேசவில்லை. மாமா, இந்த வாக்கியத்தைத் திரும்பவும் படிக்கவும். அம்மா பேசவில்லை. கதவைத் திறந்த அப்பா என்னைத் தனியே கூப்பிட்டு, “என்னாச்சு? ஓடுற சத்தம் நின்னுபோச்சுன்னா உள்ள ஏதோ பெரிசாப் போயிருக்குன்னு அர்த்தம்” என்றார். அடுத்த சனிக்கிழமை இன்னொரு தடவை பேசிப் பார்க்கலாம், அதுதான் கடைசி என்று விசில் அங்கிள் சொல்லியிருந்ததை அப்பாவிடம் சொன்னேன். அன்று பாத்திரம் முழுவதையும் நானே கழுவினேன். பயப்பட வேண்டாம், எனக்கு உடம்புக்கு ஒன்றுமில்லை.

மறுநாள் காலையில் அம்மா ஒரு சொம்புத் தண்ணீரோடு பயிற்சியில் இறங்கினாள். ஒரு வாக்கியம் சொல்ல வேண்டியது, உடனே வாய் நிறையத் தண்ணீரை ஊற்றிக்கொள்ள வேண்டியது, நான் மொழிபெயர்த்து முடிக்கும் வரை விழுங்கக் கூடாது. சமையலறையே ஐ.நா. சபை ஆனது. “கேஸை அணைங்க.” தண்ணீர். நான் அப்பாவிடம் திரும்பி, “கேஸை அணைக்கணுமாம்” என்றேன். “எனக்குத் தமிழ் தெரியும்டி” என்றார் அப்பா. அம்மா உப்பிய கன்னத்தோடு விரலை ஆட்டினாள். ‘அணைக்கணுமாம்’ என்று வால் சேர்க்கக்கூடாது, முறைப்படி அவள் சொன்னதை அப்படியே சொல்ல வேண்டும். எனக்கா சொல்லித்தர வேண்டும்? அடுத்த வாக்கியம் “பால் பொங்குது.” தண்ணீர். நான் சாவகாசமாக ஆரம்பித்தேன்: “அன்பான சகோதரரே, பசு என்ற பிராணியிடமிருந்து பெறப்பட்டு, நேற்று நீங்கள் மறந்துபோய், இன்று நான் ஞாபகமாக வாங்கி வந்த அந்த வெள்ளை நிறத் திரவமானது...” பால் அடுப்பில் வழிந்தது. அம்மாவால் சொல்லவும் முடியவில்லை, விழுங்கவும் முடியவில்லை. சிரிப்பு வந்துவிட்டது. சொம்பில் பாதி, அப்பாவின் சலவைச் சட்டையில். “இந்த வீட்ல எனக்குத்தான் கண்டம்” என்று அப்பா வேறு சட்டை மாற்றப் போனார். ஆனால் சும்மா சொல்லக்கூடாது மாமா, அவள் விடவில்லை. அடுப்பைத் துடைத்தாள், சொம்பை நிரப்பினாள், மறுபடி ஆரம்பித்தாள்.

வாரக் கடைசியில் ஒரு நாள் டியூட்டி முடிந்து வந்தவள், செருப்பைக்கூடக் கழற்றாமல் வாசலிலேயே நின்று சொன்னாள்: “இன்னிக்கு வார்டுல ஒரு குட்டிப் பயல். அவங்க அம்மா அவசரத்துல டம்ளரோட ஊத்திட்டா, மொத்தமும் என் மேலயே வாந்தி. நான் சொன்னேன், ஒரு ஸ்பூன் குடு, நிறுத்து, உள்ள போச்சான்னு பாரு, அப்புறம் அடுத்த ஸ்பூன்னு. சொல்லிட்டு நானே அப்படியே நின்னுட்டேன்டி. இதத்தானே அந்த மனுஷன் விசில் ஊதி ஊதிச் சொல்றாரு? நான் இவ்வளவு நாளா எல்லாருக்கும் டம்ளரோட ஊத்தியிருக்கேன்.” சொல்லி முடித்துவிட்டு, நிறுத்தினாள். தண்ணீர் இல்லாமலே.

சனிக்கிழமை வந்தது. விசில் அங்கிள் விசிலை உதட்டிலேயே வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அம்மா ஒரு டம்ளரும் ஸ்பூனும் எடுத்துக்கொண்டு மேடை ஏறினாள். நான் பக்கத்தில் நின்றேன், குறும்புக்கு நாலைந்து வாக்கியம் தயார் செய்துகொண்டுதான்.

“நான் ஒரு நர்ஸ்.” நிறுத்தினாள். நானும் சொன்னேன்: “நான் ஒரு நர்ஸ்.” யாரோ சிரித்தார்கள்.

“என் பொண்ணுக்கு அப்போ ஒரு வயசு.”

“என் பொண்ணுக்கு அப்போ ஒரு வயசு” என்றேன். யார் அந்தப் பொண்ணு என்று எனக்கு அப்போதுதான் உறைத்தது.

“அவளுக்கு வயித்தால போச்சு. வெளிய மழை, வழியெல்லாம் தண்ணி, ஆஸ்பத்திரிக்குப் போக முடியல.” நான் திருப்பிச் சொன்னேன்.

“எனக்கு எல்லாம் தெரியும். ஆனா கை நடுங்குச்சு.” நான் திருப்பிச் சொன்னேன்.

“அவங்க அப்பா டம்ளரைப் புடிச்சுக்கிட்டாரு. நான் ஒவ்வொரு ஸ்பூனாக் குடுத்தேன்.” ஸ்பூனை டம்ளரில் தோய்த்துக் காட்டினாள். காத்திருந்தாள்.

“ஸ்பூனுக்கும் ஸ்பூனுக்கும் நடுவுல அவகிட்ட பேசிக்கிட்டே இருந்தேன். பேச்சை நிறுத்தினா அவ கண்ணு மூடுச்சு.”

இந்த இடத்தில் மொழிபெயர்ப்பாளருக்குத் தமிழ் மறந்துவிட்டது, மாமா. அம்மா என்னைப் பார்த்தாள். எனக்காக அவள் முடிக்கவில்லை, எடுத்துக் கொடுக்கவில்லை, அடுத்த வாக்கியத்துக்குத் தாவவில்லை. தங்கள் தங்கை காத்திருந்தாள். நான் மூக்கை உறிஞ்சி, குரலைத் தேடிப் பிடித்து, “பேச்சை நிறுத்தினா அவ கண்ணு மூடுச்சு” என்று சொல்லி முடிக்கும் வரைக்கும் வாயைத் திறக்கவில்லை.

“சாயங்காலம் அவ அழுதா. கண்ணீர் வந்துச்சு. உடம்புல தண்ணி தங்கிடுச்சுன்னு தெரிஞ்சுது.” சொன்னேன். “அவ பொழச்சுட்டா.” அதையும் சொன்னேன். பிறகு, “இப்ப நல்லா இருக்கா, பாக்கவும் லட்சணமா இருக்கா” என்று ஒரு வரி சேர்த்தேன். இப்போதுதான் விசில் ஊதியது. “மொழிபெயர்க்கறவங்க சொந்தச் சரக்கைச் சேர்க்கக் கூடாது!” என்று கத்திய விசில் அங்கிள், கத்திவிட்டுக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அம்மா போகிறாள். அறிவிப்புப் பலகையில் பெயர் ஒட்டியாயிற்று.

ஆக, அம்மா ஏன் இவ்வளவு பேசுகிறாள் என்பதற்கு நான்தான் காரணம். தங்களுக்கு உடனே வாய் துறுதுறுக்கும் என்று தெரியும்: ‘இவ பொறந்ததுலேர்ந்தே அப்படித்தான், நான் பார்க்காததா?’ தயவுசெய்து நல்ல கதையைக் கெடுக்காதீர்கள், மாமா. தங்கள் தங்கை அங்கே போய்ப் பேசுவதைக் கேட்க அந்த ஊர்த் தாய்மார்களுக்குக் கொடுத்து வைத்திருக்க வேண்டும் என்பதே என் கட்சி. போன் செய்து அவளை வாழ்த்தவும். ஒரே வாக்கியம் போதும். சொல்லிவிட்டு நிறுத்தவும்.

அத்தைக்கு என் கட்டிப்பிடிப்பும், முட்டிக்கு என் எண்ணெய்த் தேய்ப்பும் தபாலில் வருகின்றன. பயணம் நல்லபடியாக முடிய எல்லோரும் ஜெபித்துக்கொள்ளவும்.

இப்படிக்கு,
தங்கள் அருமை மருமகள்,
தமிழ்–தமிழ் மொழிபெயர்ப்பாளர்.

பி.கு.: இன்று காலை கடிதத்தை ஒட்டப் போகும் நேரத்தில் அங்கேயிருந்து விசில் அங்கிளுக்குப் போன் வந்தது. உப்பு-சர்க்கரைத் தண்ணீரெல்லாம் அங்கே தாய்மார்களுக்கு நெடுநாளாகவே அத்துப்படியாம், நமக்கே சொல்லித்தருவார்களாம். அவர்களுக்கு வேண்டியது வேறு. ஒரு நர்ஸ் வந்து நிதானமாக உட்கார்ந்து, அவர்கள் ஒவ்வொருவரும் சொல்லப்போவதைக் கேட்க வேண்டுமாம். ஆகவே அம்மாவுக்கு அங்கே பேச்சு கிடையாது, இரண்டு வாரமும் கேட்பது மட்டும்தான். அம்மா கொஞ்சமும் அசரவில்லை. “அதுக்கென்ன, கேட்டாப் போச்சு” என்றாள். தான் எப்படி வாயே திறக்காமல் கேட்கப் போகிறாள் என்பதைக் காலையிலிருந்து பக்கத்து வீட்டம்மாவுக்கு விளக்கிக்கொண்டிருக்கிறாள். இன்னும் முடியவில்லை.